எலி வளைக்கும் பட்டா உண்டா?

‘எலி வளையானாலும் தனி வளை வேண்டும்’ என்பது நம் பாட்டிமார்கள் அடிக்கடி சொல்லிவந்த பழமொழி. வாடகை வீடுகளிலேயே வாழ்நாளைக் கழித்தவர்களுக்கு அதன் பொருளை விளக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த வளை யாருடைய வரப்பில் தோண்டப்பட்டது என்று பழமொழி கேட்பதில்லை. சட்டமோ அதைத்தான் முதலில் கேட்கிறது. இவ்வுண்மையை நான் அறிந்துகொண்டது குப்பனூரில், ஓர் இரும்புப் பெட்டியின் வாசலில் அமர்ந்து தேநீர் அருந்திய ஒரு மாலைப் பொழுதில்.

சேலத்திலிருந்து அயோத்தியாப்பட்டணம் வழியாக ஏற்காட்டுக்குச் செல்லும் மாற்று மலைப்பாதையின் அடிவாரத்தில் இருப்பது குப்பனூர். பெரிய மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றால்தான் பலருக்கு இவ்வூரின் நினைவே வரும். முன்னே சேர்வராயன் மலை, பின்னே வயல்கள். அந்த அமைதியைத் தேடி அங்கே குடியேறியவர் என்னிடம் ஓதிய மாணவர் ஒருவரின் தந்தை. சேலத்தில் லாரி பாடி கட்டும் பட்டறையில் முப்பது ஆண்டுகள் உழைத்தவர். இருந்த ஒரே வீட்டை மகன்களுக்குக் கொடுத்துவிட்டுத் தாமும் துணைவியாரும் தனியே வாழ விரும்பினார். தரகர் ஒருவர் காட்டிய மூன்று சென்ட் நிலத்துக்கு இரண்டு லட்ச ரூபாய் கொடுத்தார். பட்டறை நண்பர்களின் உதவியோடு இரும்புச் சட்டமும் தகடும் கொண்டு தாமே ஒரு வீட்டைக் கட்டி, லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார்.

நீளம் இருபதடி, அகலம் எட்டடி, உயரம் எட்டடி. உள்ளே ஒரு கட்டில், சுவரோடு மடித்து வைக்கும் மேசை, ஒரு மூலையில் சமையல், மறு மூலையில் கழிப்பறை. கிப்லாவை நோக்கி இருவர் நின்று தொழ இடம் விட்டிருந்தார். வேலைப்பாட்டில் ஒரு குறை சொல்ல முடியாது.

“பட்டா, அனுமதி எல்லாம் எப்படி பாய்?” என்று கேட்டேன்.

“வீடே இத்தனூண்டு, ஹஜ்ரத். இதுக்குப் போய் சட்டம் என்ன பெரிசாக் கேட்டுடப் போகுது?” என்று சிரித்தார்.

அவர் துணைவியார் சிரிக்கவில்லை. உள்ளிருந்தபடியே, “நாளைக்கு ஒரு மய்யித்துன்னா குளிப்பாட்ட இதுல இடம் இருக்கான்னு கேளுங்க ஹஜ்ரத்” என்றார். அந்த அம்மையார் கேட்டது வெறும் மனக்கசப்பில் கேட்ட கேள்வியன்று. பெட்டியின் உள்ளகலம் ஏழரை அடி. கட்டில் போக எஞ்சிய இடத்தில் நால்வர் நின்று ஒரு காரியம் செய்ய இயலாது.

சிறிய வீடு என்பது இழிவன்று. மதீனாவில் நபிகளார் (ஸல்) குடும்பத்தார் வாழ்ந்த அறைகள் எவ்வளவு சிறியவை என்பதை நாம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறோம். நம் அரசாங்கமும் சிறிய வீட்டைத் தடை செய்யவில்லை. தானே கட்டித் தருகிறது. இந்திரா நினைவுக் குடியிருப்புத் திட்டத்தில் 20 சதுர மீட்டராக இருந்த குறைந்த அளவு, 2016-இல் தொடங்கிய பிரதம மந்திரி ஊரக வீட்டு வசதித் திட்டத்தில் 25 சதுர மீட்டராயிற்று. தமிழகத்தில் 2011-இல் வந்த பசுமை வீடு 300 சதுர அடி. 2024-இல் வந்த கலைஞரின் கனவு இல்லம் 360 சதுர அடி. அதற்கு அரசு தரும் தொகை மூன்றரை லட்சம் ரூபாய். இவை எல்லாவற்றிலும் வீட்டுக்கு முன் மனை வருகிறது. மனை இல்லாதவருக்கு முதலில் மனை கிடைத்தாக வேண்டும். அதன் பிறகே வீடு.

பெட்டியும் கட்டடமே

இரும்புப் பெட்டி கட்டடமாகாது, ஆகவே அனுமதி வேண்டியதில்லை என்று பலர் எண்ணுகிறார்கள். பெட்டி வீடு விற்போரும் அவ்வாறே சொல்கிறார்கள். தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994 கட்டடம் என்பதற்குத் தரும் இலக்கணத்தைப் பார்த்தால் அந்த எண்ணம் நிலைக்காது. செங்கல், மரம், மண் ஆகியவற்றோடு உலோகமும் அதில் அடங்கும். குடிசையும் கொட்டகையும்கூட அடங்கும். கடைக்கால் தோண்டவில்லை, சிமென்ட் தொடவில்லை என்ற வாதம் எடுபடாது. மனிதர் குடியிருக்க நிலத்தின்மேல் நிலையாக வைத்தால் அதற்கு அனுமதி வேண்டும்.

அந்த அனுமதி பெறுவது முன்போல் அத்தனை கடினமன்று. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019 மாநிலம் முழுவதற்கும் பொதுவாக வந்தன. 2024 ஜூலை முதல், 2,500 சதுர அடிக்கு மேற்படாத மனையில் 3,500 சதுர அடிக்கு மேற்படாத வீடு கட்டுவோர் தாமே சான்றளித்து இணையவழியில் அனுமதி பெறும் முறையும் நடைமுறைக்கு வந்தது. ஆனால் மலைப்பகுதியில் இதை மட்டும் நம்பி இறங்கிவிடக் கூடாது. அங்கே இன்னொரு வாசல் உண்டு. 1990-ஆம் ஆண்டு அரசாணை ஒன்றின் மூலம் மலைக் கிராமங்களின் பட்டியல் வெளியிடப்பட்டு, அவற்றில் நிலத்தைப் பயன்படுத்துவதைக் கண்காணிக்க மலையிடப் பாதுகாப்புக் குழுமம் அமைந்தது. அதிகாரிகள் ‘ஹாக்கா’ என்று சுருக்கிச் சொல்வது இதைத்தான். ஏற்காடு வட்டத்துக் கிராமங்கள் அப்பட்டியலில் உள்ளன. அடிவாரத்து ஊர்களில் நிலம் வாங்குவோர், தம் புல எண் எந்த வருவாய்க் கிராமத்தைச் சேர்ந்தது, அக்கிராமம் பட்டியலில் இருக்கிறதா என்பதை முன்கூட்டியே கேட்டறிய வேண்டும்.

இத்தகைய கட்டுப்பாடு எதற்கு என்று சலித்துக்கொள்வோர் 2024 டிசம்பரை நினைத்துப் பார்க்கட்டும். ஃபெங்கல் புயல் மழையில் ஏற்காட்டு மலைச்சாலையில் மண் சரிந்தது. அதே மழையில் திருவண்ணாமலையின் அடிவாரத்தில் மண்ணும் பாறையும் சரிந்து வீட்டின்மேல் விழுந்து, ஐந்து குழந்தைகள் உட்பட ஏழு பேர் உயிரிழந்தனர். சரிவில் வைக்கும் வீட்டின் எடை குறைவு என்பதனால் மேலிருந்து வரும் பாறையின் எடை குறைந்துவிடாது.

அடுத்தது அளவு. பாடி கட்டியவராதலால், லாரியின் மொத்த அகலம் 2.6 மீட்டரைத் தாண்டக் கூடாது என்பது நம் நண்பருக்கு மனப்பாடம். ஆகவேதான் சாலையில் தடையின்றிச் செல்லும்படி எட்டடியில் நிறுத்தினார். ஆனால் குடியிருக்கும் அறைக்கு அகலம் எவ்வளவு வேண்டும் என்பது அவருக்குத் தெரியாது. 2016-ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு, ஒற்றை அறைக்குக் குறைந்தது 9.5 சதுர மீட்டர் பரப்பும் 2.4 மீட்டர் அகலமும் 2.75 மீட்டர் உயரமும் வேண்டும் என்கிறது. குளியலறைக்கு 1.8 சதுர மீட்டர், கழிப்பறைக்கு 1.1 சதுர மீட்டர். இத்தொகுப்பு வழிகாட்டிதான், மாநில விதிகள் ஏற்கும் அளவுக்கே அது கட்டுப்படுத்தும். ஆயினும் மனிதர் மூச்சுவிட்டு வாழ எவ்வளவு இடம் வேண்டுமென்று வல்லுநர்கள் கணக்கிட்ட அளவு அது.

துறைமுகங்களில் பழையதாகக் கழிக்கப்படும் இருபதடிச் சரக்குப் பெட்டியை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். உள்ளே பரப்பு ஏறத்தாழ 13.8 சதுர மீட்டர், அதில் குறையில்லை. உள்ளகலமோ 2.35 மீட்டர். ஐந்து சென்டிமீட்டர் போதவில்லை. உயரம் 2.39 மீட்டர், ஓர் அடிக்கும் மேல் குறைகிறது. வெப்பத்தைத் தடுக்க உட்சுவரில் பலகை அடித்தால் அகலம் இன்னும் சுருங்கும். மின்விசிறி மாட்டினால் கையை உயர்த்திச் சட்டை போட அஞ்ச வேண்டும். இப்பெட்டிகளின் தளப் பலகையில் பூச்சி அரிக்காதிருக்க மருந்து ஏற்றியிருப்பார்கள். குழந்தை தவழும் தளம் அது என்பதை வாங்குவோர் மறந்துவிடுகிறார்கள். தளத்தை மாற்றாமல் அதில் குடியேறக் கூடாது. மின் இணைப்புக் கொடுக்கும்போது பெட்டியின் உடலையே முறையாகப் புவித்தொடர்பு செய்ய வேண்டும். ஒரு கம்பியின் உறை கிழிந்தால் முழு வீடும் மின்சாரம் பாயும் தகடாகிவிடும்.

சக்கரம் இருந்தால்?

சக்கரம் வைத்த வீடு என்றால் நிலத்தின் தொல்லையே இல்லையே என்று கேட்கலாம். இத்துறையில் நம் பகுதிக்கே பெருமை உண்டு. நாமக்கல்லைச் சேர்ந்த இளம் கட்டடக் கலைஞர் அருண் பிரபு, 2019-இல் ஓர் ஆட்டோவின்மேல் 36 சதுர அடியில் வீடொன்று அமைத்தார். படுக்கை, சமையல் இடம், குளிக்கும் தொட்டி, கழிப்பிடம், 250 லிட்டர் தண்ணீர்த் தொட்டி, கூரையில் சூரியத் தகடு யாவும் அதற்குள் அடக்கம். பழைய பேருந்துகளிலும் இடித்த கட்டடங்களிலும் கிடைத்த பொருள்களைக் கொண்டு ஏறத்தாழ ஒரு லட்ச ரூபாயில் முடித்தார். 2021-இல் தொழிலதிபர் ஆனந்த் மகிந்திரா அதைப் பாராட்டி எழுதிய பிறகு நாடே அறிந்தது. சிற்றிடத்தை எப்படிப் பயன்படுத்தலாம் என்று சேரிவாழ் மக்களின் வாழ்க்கையைக் கண்டு அவர் செய்த சோதனை அது. வியப்புக்குரிய திறமை.

ஆனால் அதனைப் பார்த்து வீட்டு வாசலில் நிற்கும் ஆட்டோவின்மேல் நாமும் அறை கட்டலாம் என்று புறப்பட்டால், 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் வழிமறிக்கும். வாகனத்தைத் தயாரித்தவர் குறித்த அமைப்பிலிருந்து அதனை உரிய இசைவின்றி மாற்றக் கூடாது என்கிறது அதன் 52-ஆம் பிரிவு. இழுத்துச் செல்லும் வண்டியாக இருந்தால் அதற்கும் பதிவு வேண்டும். இரவில் எங்கே நிறுத்துவது, கழிவுநீரை எங்கே விடுவது என்ற கேள்விகளுக்குச் சக்கரத்தில் விடை இல்லை. அமெரிக்காவில் இத்தகைய வீடுகளை ஓர் இயக்கமாகவே வளர்த்தார்கள். அங்கும் உள்ளூர் விதிகளோடு நெடுங்காலம் மல்லாடிய பிறகே, 2018-இல் மாதிரிக் குடியிருப்பு விதித்தொகுப்பில் 400 சதுர அடிக்கு உட்பட்ட வீடுகளுக்கென ஒரு தனிப் பின்னிணைப்பு வந்தது. உயரத்தில் சற்று இளக்கம் காட்டினார்கள்.

வங்கிகள் பெட்டி வீட்டுக்கு வீட்டுக் கடன் கொடுக்கத் தயங்குவதற்கும் காரணம் இதுவே. வீட்டுக் கடன் நிலத்தின் அடமானத்தின்மேல் நிற்பது. தூக்கிச் செல்லக்கூடிய பெட்டி அசையும் சொத்து. வட்டிக் கடனே வேண்டாம் என்றிருப்போருக்கு இது ஒரு குறையாகத் தோன்றாது!

நிலம் யாருடையது?

நம் நண்பரின் கதைக்கு வருகிறேன். அவர் கையில் இருந்தது முத்திரைத்தாளில் எழுதிய ஓர் ஒப்பந்தம் மட்டுமே. பத்திரப்பதிவு பிறகு என்று தரகர் சொல்லியிருந்தார். மின் இணைப்புக்காக ஆவணங்களைத் திரட்டியபோது, கிராம நிர்வாக அலுவலர் ‘அ’ பதிவேட்டைப் புரட்டிக் காட்டினார். அது நிபந்தனைப் பட்டா நிலம். மலைவாழ் குடும்பம் ஒன்றுக்கு அரசு ஒப்படை செய்தது. பிறருக்கு விற்கக் கூடாது என்பது நிபந்தனை.

இத்தகைய நிலத்தை வாங்குவோருக்கு அந்த விற்பனை உரிமை எதையும் தராது. நிபந்தனை மீறப்பட்டால் அரசு நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். அப்போது வாங்கியவரும் இழப்பார், விற்ற ஏழையும் இழப்பார். நண்பர் அக்குடும்பத்தைத் தேடிச் சென்று பார்த்தார். கணவரை இழந்த ஒரு மூதாட்டி. அவருக்குத் தரகர் கொடுத்தது முப்பதாயிரம் ரூபாய். குத்தகைக்குக் கேட்கிறார்கள் என்று சொல்லிக் கைரேகை வாங்கியிருக்கிறார். இதைக் கேட்ட இரவு தமக்குத் தூக்கம் வரவில்லை என்றார் நண்பர். “நான் ஏமாந்தது பெரிசில்லை ஹஜ்ரத். அந்த அம்மா நிலத்துல நின்னு இத்தனை நாள் தொழுதிருக்கேனே!” என்று அவர் கேட்டபோது எனக்கு உடனே விடை சொல்ல வரவில்லை. அறியாமல் செய்தது வேறு, அறிந்த பின் தொடர்வது வேறு என்று மட்டும் சொன்னேன்.

மலையில் சிற்றில்லங்கள் புதியவை அல்ல. மூங்கில் தட்டியில் மண் பூசிப் புல் வேய்ந்த மலையாளிப் பழங்குடியினரின் வீடுகள் எந்தப் பெட்டி வீட்டைக் காட்டிலும் வெயிலுக்குக் குளிர்ச்சி தருபவை. காபித் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளும் சிறியவையே. இலங்கை மலையகத்தில் பத்துக்குப் பன்னிரண்டு அடி லயன் அறைகளில் நம் தமிழ் மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தார்கள். அறையின் சிறுமையைவிட, அது நிற்கும் மண்ணில் உரிமை இல்லை என்பதே அவர்களை அதிகம் வாட்டியது. இந்திய உதவியுடன் அங்கே கட்டப்பட்ட 550 சதுர அடி வீடுகள் ஏழு பேர்ச் நிலத்தோடு வழங்கப்பட்டபோது மக்கள் முதலில் கேட்டது காணி உறுதிப் பத்திரத்தைத்தான். நம் மாஞ்சோலையில் 2024-இல் தோட்டம் மூடப்பட்டபோது, நான்கு தலைமுறையாக வாழ்ந்த குடும்பங்கள் வீட்டைக் காலி செய்யும்படி சொல்லப்பட்டதும் இதே குறையினால்தான். வேலை போனால் வீடும் போயிற்று.

ஆகவே நிலம் வாங்கும் முன் பார்க்க வேண்டியவற்றைப் பெண்களும் அறிந்திருத்தல் நலம். பட்டாவையும் வில்லங்கச் சான்றையும் பார்ப்பதோடு பலர் நின்றுவிடுகிறார்கள். நிபந்தனையும் புறம்போக்கும் வெளிப்படுவது ‘அ’ பதிவேட்டில். புல வரைபடத்தில் ஓடையோ வண்டிப்பாதையோ குறுக்கிடுகிறதா என்று பார்க்கலாம். விளைநிலத்தைப் பிரித்து விற்ற மனையானால், 2016 அக்டோபர் 20-க்குப் பிறகு உருவான அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்வதற்குத் தடை இருப்பதை நினைவில் கொள்ள வேண்டும். அதற்கு முன் விற்கப்பட்டவற்றை வரன்முறைப்படுத்த 2017-இல் தனி விதிகள் வந்தன.

வீட்டு வரி ரசீது இருக்கிறதே, மின் அட்டை இருக்கிறதே என்று ஆறுதல் கொள்வோர் உண்டு. இவை எதுவும் நிலவுரிமைக்குச் சான்றாகா. மின்சாரச் சட்டம், 2003 உரிமையாளருக்கு மட்டுமின்றிக் குடியிருப்பவருக்கும் இணைப்புத் தரச் சொல்கிறது. வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்ப்பதற்கு வழக்கமாக வசிப்பவராக இருந்தால் போதும். சொந்த வீடு தேவையில்லை. அரசு இவற்றைத் தருவது நாம் மனிதர்கள் என்பதற்காக. நிலம் நமதென்று ஒப்புக்கொண்டதாக அதற்குப் பொருளில்லை. 2024 நவம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம், பதினைந்து நாள் முன்னறிவிப்பின்றி வீடுகளை இடிக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. ஆனால் சாலை, ஆற்றங்கரை போன்ற பொது இடங்களில் உள்ள கட்டுமானங்களுக்கு அந்தப் பாதுகாப்புப் பொருந்தாது என்றும் அதிலேயே சொல்லப்பட்டுள்ளது.

பெட்டி யாருக்கு?

நண்பர் வழக்காட விரும்பவில்லை. நிலம் அந்த மூதாட்டிக்கே இருக்கட்டும் என்று எழுதிக் கொடுத்தார். தரகரிடமிருந்து பணம் இன்னும் வந்தபாடில்லை. ஒரு கிரேனும் லாரியும் வைத்துப் பெட்டியைத் தூக்கி, சேலத்தில் மகள் வீட்டுக் கொல்லையில் இறக்கினார். கல் வீடாக இருந்திருந்தால் அதுவும் போயிருக்கும்.

இறக்கிய மறுவாரமே மகன்களிடையே ஒரு பேச்சு எழுந்தது. மகளின் நிலத்தில் நிற்கும் பெட்டி மகளுக்கா, எல்லோருக்குமா? என்னை அழைத்துக் கேட்டார்கள். அசையும் பொருளாயினும் அசையாப் பொருளாயினும் ஒருவர் விட்டுச் செல்வது அனைத்தும் வாரிசுரிமைக்கு உட்பட்டதே. 1937-ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டம் விளைநிலத்தை மட்டும் விலக்கியிருந்தது. சென்னை மாகாணத்தில் 1949-இல் திருத்தம் செய்து அதனையும் சேர்த்துக்கொண்டார்கள். தந்தை உயிரோடிருக்கையில் மகளுக்கு ஹிபாவாகக் கொடுக்க விரும்பினால், கொடுத்தேன் என்று சொல்லுதல், அவள் ஏற்றுக்கொள்ளுதல், பொருளைக் கையில் ஒப்படைத்தல் ஆகிய மூன்றும் நிறைவேற வேண்டும். மூன்றாவதில்தான் சிக்கல். தாமே உள்ளே குடியிருந்துகொண்டு ஒப்படைத்துவிட்டேன் என்று எப்படிச் சொல்வது? அதோடு பிள்ளைகளிடையே நீதி தவறலாகாது என்ற கவலையும் அவருக்கு இருந்தது. முடிவில், பெட்டி தந்தையுடையது, கொல்லையில் வைத்துக்கொள்ள மகள் இசைவு தந்திருக்கிறாள், அதனால் அவள் நிலத்தில் யாருக்கும் உரிமை பிறக்காது என்று எழுதி, மகன்கள் இருவரும் சாட்சிக் கையொப்பம் இட்டார்கள். ஒரே ஒரு தாள்தான். குப்பனூருக்குப் போகுமுன் இப்படி ஒரு தாளை யாரும் எழுதச் சொல்லவில்லையே என்றார் மூத்த மகன்.

சென்ற வாரம் அங்கே போயிருந்தேன். மகள் பெயரில் வரைபடம் வரைந்து அனுமதிக்கு விண்ணப்பித்திருக்கிறார்கள். ஒப்புதல் வந்ததும் பெட்டியை நெடுக அறுத்து நடுவில் ஓரடி சேர்ப்பதென்றும், கூரையை ஒன்பதரை அடிக்கு உயர்த்தி மேலே ஓலை வேய்வதென்றும் திட்டம். ஒன்பதடி அகலமாகிவிட்டால் அப்புறம் லாரியில் ஏற்றிச் சாலையில் கொண்டுபோக முடியாதே என்றேன். “இனி எங்க போறது ஹஜ்ரத்?” என்றார் நண்பர். அவர் துணைவியார் டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு வாசற்கதவின் அகலத்தை அளந்துகொண்டிருந்தார்.